எட்டிப் பார்த்தால் போய்விடுகிறவள்

வள்ளியாத்தாள் ஆட்டு மூளை சுத்தம் செய்யும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அலுமினியப் போசியில் மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். அதில் இரண்டு மூளை மிதக்கும். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மேலே வலை போட்டதுபோல் ஒட்டியிருக்கும் சவ்வை இரத்த நரம்போடு சேர்த்து விரல் நுனியால் உரிப்பாள். நகம் படக் கூடாது. சவ்வு மடிப்புக்கு மடிப்பு உள்ளே இறங்கியிருக்கும். அவசரப்பட்டால் சதையும் கூடவே பிய்ந்து வரும். அதற்குப் பிறகு அதை வறுக்கவும் முடியாது, குழம்பில் போடவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுச்சத்திரம் கறிக்கடை மாதையன் அவளுக்கென்று இரண்டு மூளை எடுத்து வைத்துவிடுவான். வேறு யாராவது கேட்டால், "அது ரிக்குக்காரரு ஊட்டுக்குங்க, கை வெக்காதீங்க" என்பான். எதற்கு என்று மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை. காலொடிந்தவனுக்கு ஆட்டுக்கால் சாறு கொடுத்து எழுப்பி நடக்கவிட்ட ஊர் அது. அடிபட்டது தலை என்றால் தின்ன வேண்டியது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மாமியார் காளியாத்தாளுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது.

"வத்திப் போனது ஊறி வரோணுமில்ல" என்பாள். "ஊறட்டும். ஊறினா உன்னைத் தெரியும்."

உன்னைத் தெரியும். அந்த வீட்டில் அப்போது எல்லாக் காரியமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

வள்ளியாத்தாள் ஜேடர்பாளையத்துப் பெண். வாய்க்கால் தண்ணீரில் கால் நனைத்து வளர்ந்தவள். எழுபத்தொன்றில் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, கிணறு வற்றிப்போன இந்த மேட்டுக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் வந்த மறுவருசமே அவள் புருசன் செங்கோட்டையன் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இங்கே தண்ணீர் இல்லாததால் ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்து அடுத்தவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருசத்தில் முக்கால்வாசி நாள் வெளியே. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. இரண்டு முறையும் அவன் ஊரில் இல்லை.

மாதத்துக்கு ஒருமுறை, ஊர் முனையில் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு அவனிடமிருந்து டிரங்க் கால் வரும். மில் கணக்குப்பிள்ளை நாச்சிமுத்து ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார். கிழங்கு மாவு நாற்றத்துக்கு நடுவில் நின்று, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, நாந்தானுங்க" என்று தொடங்குவாள். அதற்கு மேல் கத்த வெட்கமாக இருக்கும். கணக்குப்பிள்ளை மரியாதையாக வெளியே போய் நிற்பார். அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதி அந்தப் போனில்தான்.

எழுபத்தெட்டில் ஜபல்பூர் பக்கம் ஒரு காட்டில் துளையில் ராடு மாற்றும்போது பிடி நழுவி, இரும்பு ராடு செங்கோட்டையனின் வலப்பக்க நெற்றிப்பொட்டில் அடித்தது. அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைப்பானா என்று தெரியாமல் இங்கே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. பிறகு அவன் அண்ணன் மயில்சாமி போய் லாரியில் கூட்டிவந்தார்.

லாரி வாசலில் நின்றபோது வள்ளியாத்தாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவன் தானே இறங்கினான். தலையில் ஒரு பக்கம் முடி குட்டையாக இருந்ததைத் தவிர ஆளில் குறை ஒன்றுமில்லை. அம்மாவைப் பார்த்து, "ஏம்மா இப்படி எளச்சுட்டே" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தான். கட்டுத்தறியில் ஒரு மாடு குறைகிறதே என்று கேட்டான். பிறகு ஆரத்தித் தட்டைப் பார்த்தான். தட்டைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தான். உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மரியாதையாக மாறியது.

"இவீங்க ஆரும்மா?"

"என்ன சாமி கேக்கறே? வள்ளி."

"வள்ளியாட்டமேதான் இருக்கறாங்க. மூக்கு, முழி, அந்த மருவு எல்லாம் அப்படியே. ஆனா வள்ளி இல்லீங்களே." சொல்லிவிட்டு வாசலுக்கு அப்பால் பார்த்தான். "அவ எங்க?"

ஆரத்தி கீழே விழவில்லை. வள்ளியாத்தாள் அதை மூன்று சுற்றுச் சுற்றி, பொட்டு வைக்கக் கையை நீட்டினாள். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வேற்றுப் பெண் தொட வந்தால் ஒழுங்கான ஆண்பிள்ளை எப்படி இழுத்துக்கொள்வானோ அப்படி.

முதலில் அசதி என்றார்கள். பிறகு மருந்து வேகம் என்றார்கள். ஜபல்பூர் காட்டிலிருந்து ஏதோ தொத்திக்கொண்டு வந்துவிட்டது என்று சொல்லி மயில்சாமி ஒரு பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தார். செங்கோட்டையன் அடி வாங்கிக்கொண்டு, முடிந்ததும் பூசாரிக்கு மோர் கொடுக்கச் சொன்னான். பைத்தியம் என்று சொல்ல ஒரு பிடியும் இல்லை. மழை, மாடு, கிழங்கு விலை எல்லாம் சரியாகப் பேசுவான். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம், "இந்தம்மிணி வெக்கிறது அவ வெச்சாப்பலயே இருக்குது. ஆரு சொல்லிக் குடுத்தது?" என்பான்.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. ஒன்பது மாதம் புருசன் வெளியே, இங்கே என்ன நடந்ததோ, அவனுக்குத் தெரிந்துதான் இப்படிச் சொல்கிறான் என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னாள். வள்ளியாத்தாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்படித் தெரிஞ்சு சொன்னாக்கூடப் பரவால்லக்கா. எனக்குச் சொல்லி மாரடிக்க ஒரு ஆளாச்சும் இருக்கும்" என்றாள். அதற்குமேல் அங்கே யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவன் எதிரில் அவள் வாய் திறந்தால் அவன் அவள் உதட்டையே பார்ப்பான். நெற்றியில் வேர்க்கும். கை கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். "அவன் முன்னாடி பேசாதே கண்ணு, மிரள்றான்" என்றாள் காளியாத்தாள். அதனால் பேச்சை விட்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். சொந்த வீட்டில் கால் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகிக்கொண்டாள். சில நேரம் கண்ணாடி முன்னால் நின்று, மருவைத் தொட்டுப் பார்ப்பாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

அடுத்த யோசனை மயில்சாமியுடையது.

"அவ வேற பொம்பளைன்னுதானே சொல்றான்? சரி. அந்த வேற பொம்பளையவே கட்டி வெச்சுருவோம். சோலி முடிஞ்சுது."

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அந்த வீட்டில் அது பொருத்தமாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். ஐயர் இல்லாமலே காரியம் நடக்கும், அருமைக்காரர் இல்லாமல் நடக்காது. அவர் மங்கல நாணை எடுத்துக் கொடுத்து, ஊர் பார்க்க ஒரு கழுத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அவள் யார் என்று யாரும் கேட்க முடியாது. கட்டினவன் உட்பட. இரண்டாம் கல்யாணம் செய்து வைத்த மாதிரியும் ஆச்சு, முதல் பொண்டாட்டியே திரும்பி வந்த மாதிரியும் ஆச்சு. காளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்றாள். வள்ளியாத்தாளிடம் கேட்டபோது, கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். கழற்ற வேண்டாம், மாராப்புக்குள் மறைத்துக்கொள் என்றார்கள்.

எழுபத்தொன்பது ஆவணியில் ஒரு காலை. வீட்டு ஆட்கள் மட்டும். எட்டு வருசத்துக்கு முன் கட்டிய அதே கூறைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வள்ளியாத்தாள் மணையில் உட்கார்ந்தாள். பூச்சி அரித்த இடம் மடிப்புக்குள் போகும்படி கட்டியிருந்தாள். செங்கோட்டையனிடம் ஏதோ தலைக் கண்டத்துக்குச் சாந்தி என்று சொல்லிக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அருமைக்காரர் தாலியைத் தட்டில் வைத்து நீட்டினார்.

செங்கோட்டையன் தாலியைப் பார்த்தான். சேலையைப் பார்த்தான். அது யாருடைய சேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்ண்ணா" என்றான் மயில்சாமியிடம், குரலை உயர்த்தாமல். "என்ற பொண்டாட்டி உசுரோட இருக்கறப்போ அவ சேலைய இன்னொருத்திக்குக் கட்டி உட்டு, தாலி கட்டுடாங்கறீங்க. இது உங்களுக்கே நல்லா இருக்குதா?"

அருமைக்காரர் நீட்டிய தட்டைக் கீழே வைத்தார்.

"இந்தம்மிணி பாவம். இவீங்க மேல நான் குத்தம் சொல்லலை. ஆனா அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அழுகை வந்தது. இப்படி ஒரு சொல்லை அவன் வாயால் அவள் அதுவரை கேட்டதில்லை. ரிக் வண்டிக்காரர்கள் வெளியூரில் எப்படி எப்படியோ இருப்பார்கள் என்று பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தியவள். கேட்ட அன்றைக்கு, அதைக் கேட்க வேண்டியவள் அவள் இல்லை என்று ஆகியிருந்தது.

பிறகு அவன் முகம் மாறியது. தட்டையும் சேலையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவ செத்துப் போயிட்டாளா? அதைத்தான் மறைக்கறீங்களா?"

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எங்கே வைத்து எரித்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டான். காளியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு, "உசுரோட இருக்கறா சாமி, இதா நிக்கறா பாரு" என்று இழுத்துக் காட்டினால், பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். சவரம் செய்யவில்லை. அவளுக்காகத் துக்கம் காத்தான், அவள் அவனுக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே. கஞ்சியும் அப்படியே திரும்பி வந்தது. ஆள் கரைந்துகொண்டே போனான்.

உசுரோடு இருக்கிறேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? வள்ளியாத்தாளுக்கு மில் போன் நினைவு வந்தது. மயில்சாமியோடு பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போனாள். ரிக் ஆபீசிலிருந்து சேகோ மில்லுக்குக் கால் போட்டார்கள். நாச்சிமுத்து ஆள் விட, காளியாத்தாள் மகனைக் கைத்தாங்கலாக மில்லுக்கு நடத்தி வந்தாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வள்ளி?"

"ஆமாங்க."

"எங்க புள்ள போயிட்டே? நீ செத்துட்டீன்னு நெனச்சுட்டேன்." அழுதான். கணக்குப்பிள்ளை அப்போதும் வெளியே போய் நின்றுகொண்டாராம்.

"ஜேடர்பாளையத்துல இருக்கறேனுங்க. அம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்ல." வாயில் வந்ததைச் சொன்னாள். "சோறு உங்கறீங்களா?"

"இனி உங்கறேன். வள்ளி, நம்ம ஊட்டுல ஒருத்தி இருக்கறா. அப்படியே உன்னாட்டம். இவீங்கெல்லாம் சேந்து அவதான் நீங்கறாங்க. நான் ஒத்துக்கலை."

"அவ எப்படிங்க? நல்லவளா?"

"நல்லவதான். பாவம், ஒரு வார்த்தை பேசறதில்ல. ஆனா அவ பக்கத்துல வந்தா எனக்குக் குலை நடுங்குது. உன்ற முகத்த எடுத்து மாட்டிக்கிட்டு ஆரோ நடக்கறாப்பல. நீ வந்துரு புள்ள."

"வாரேனுங்க. பொழுதோட வாரேன்."

அவள் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தெரிந்துவிட்டது, குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று மயில்சாமி டிக்கெட் கொடுப்பவரிடம்கூடச் சொன்னார். வீட்டு வாசலில் செங்கோட்டையன் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி நின்றிருந்தான். அவள் தெரு முனை திரும்பியதும் அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே அவளிடம் வந்தான்.

"ஏனுங் அம்மிணி, நீங்களும் எங்கியோ போயிட்டீங்களாட்ட இருக்குது. சேதி தெரியுமா? வள்ளி போன்ல பேசுனா. வாரேன்னு சொல்லியிருக்கறா."

அவனுக்கு அந்தச் சந்தோசத்தை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவள், "அப்படீங்களா, நல்லதுங்க" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

சேலத்து நரம்பு டாக்டரிடம் போனது அதற்குப் பிறகு. கைலாசம் என்று பெயர், மெட்ராசில் படித்தவர், அவசரப்படாதவர். போன் விசயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். செங்கோட்டையனைத் துணித் தடுப்புக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து பேசுங்கள் என்றார்.

"ஏனுங்க" என்றாள்.

"வள்ளி" என்றது தடுப்பு. "நீ எப்பச் சேலம் வந்தே?"

டாக்டர் தடுப்பை விலக்கவில்லை. அவனை வெளியே அனுப்பிவிட்டு அவளையும் மயில்சாமியையும் உட்கார வைத்தார். மடக்கிய இரண்டு முஷ்டியையும் சேர்த்துக் காட்டினார். "மூளை இவ்வளவுதாம்மா இருக்கும். ஆட்டு மூளை பார்த்திருக்கீங்களா?"

"அவளையாங்க கேக்கறீங்க?" என்றார் மயில்சாமி. "வாரா வாரம் ரெண்டு உரிக்கறா."

"அப்ப சொல்றது சுலபம். பின்பக்கம் இருக்கே, சின்ன மூளைக்கு மேல, அங்கதான் பார்வை. கண்ணு முன்னாடி இருந்தாலும் பாக்கறது பின்னாடி. அங்கிருந்து அடிப்பக்கமா முன்னால வர்ற வழியில, வலது காதுக்கு உள்பக்கம், முகத்துக்குன்னே ஒரு இடம் இருக்கு. மூக்கையும் முழியையும் சேர்த்து இது இன்னார் முகம்னு சொல்லிடும். அது உங்க வீட்டுக்காரருக்கு நல்லா இருக்கு. அதனாலதான் அப்படியே வள்ளின்னு சொல்றார். ஆனா அது மட்டும் போதாது. உள்ளே ஆழத்துல ஒரு முடிச்சு இருக்கு, வாதுமைக்கொட்டை அளவு. நம்ம ஆளைக் கண்டா அதுக்குச் சேதி போகும். உள்ளங்கை லேசா வேர்க்கும், நெஞ்சு ஒரு தட்டு கூடத் தட்டும். நமக்கே தெரியாது. அந்தத் தட்டை வெச்சுத்தான் மனசு, இது என் ஆளுன்னு நம்புது."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த வழி அறுந்துபோச்சுன்னு நினைக்கிறேன். முகம் வருது, தட்டு வரலை. தட்டு வராத முகத்தை அவர் என்னன்னு நம்புவார்? நெத்திக்குப் பின்னால இருக்கற பாகம், இது எப்படிடா ஆகும், யோசின்னு கண்டிக்கணும். அதுக்கும் அடி. காதோட வழி வேற. அது தப்பிச்சிருக்கு."

"நெனக்கிறீங்களா?" என்றாள்.

"நினைக்கத்தாம்மா முடியும். உலகத்துல இதை இன்னும் யாரும் உறுதியாச் சொல்லலை."

மயில்சாமிக்கு ஒரு சந்தேகம். "அப்ப என்னை அண்ணன்னு சரியாச் சொல்றானுங்களே டாக்டர்?"

"உங்களைப் பாத்து அவருக்கு எப்பவுமே நெஞ்சு தட்டினதில்லையோ என்னவோ."

மயில்சாமி சிரித்தார். பஸ்ஸில் வரும்போது நெடுநேரம் சிரிக்காமல் இருந்தார்.

அறுந்த வழியைத் தைக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு டாக்டர் இல்லை என்றார். மூளை கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்றதற்கு, ருசிக்குச் சாப்பிடட்டும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவ்வை உரித்த பிறகு அவள் ஒரு மூளையை அரிவாள்மணையில் வைத்து நெடுக அரிந்தாள். உள்ளே வெள்ளையாக நார் நாராக ஓடியது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பாலம்போல ஒன்று இருந்தது. அடியில் விரலால் அழுத்தி அந்த முடிச்சைத் தேடினாள். வாதுமைக்கொட்டை மாதிரி ஒன்றும் தனியாக அகப்படவில்லை. அரிய அரிய எல்லாம் ஒன்றுபோலவே குழைந்தது. கடைசியில் முட்டை உடைத்து ஊற்றிப் பொரியல் செய்தாள்.

தடுப்புத் துணி செய்த வேலையை வீட்டுச் சுவர் செய்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர், கதவு ஓரத்தில். அடுப்படியில் நின்று பேசினால் கட்டிலுக்குக் கேட்கும், ஆள் தெரியாது. முதல்முறை, "ஏனுங்க, காப்பித் தண்ணி வேணுங்களா" என்றபோது அவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "வந்துட்டியா?"

"வந்துட்டேனுங்க."

எழுந்து ஓடிவந்தான். கதவில் காலடி கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் எட்டிப் பார்த்தான். அடுப்படியில் அந்த மற்றவள் நின்றிருந்தாள்.

"வள்ளி எங்கீங்க? இப்பத்தான பேசுனா."

"கொழாயடிக்குப் போயிட்டாங்க" என்றாள் வள்ளியாத்தாள், குரலை இறக்கி.

அப்படிச் சில முறை நடந்தது. பிறகு அவன் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டான். அம்மாவிடம் ஒருநாள் சொன்னான்: "எட்டிப் பாத்தா அவ போயிர்றாம்மா. அதனால நான் பாக்கறதில்ல." கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். சமையலறைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்காருவான். அப்படி உட்கார்ந்துகொண்டு புருசனும் பொண்டாட்டியும் பேசினார்கள். அடுப்புச் சத்தத்துக்கும் அம்மிச் சத்தத்துக்கும் நடுவில், ஜபல்பூர் காட்டில் கரடி வந்த கதை, கலைந்துபோன இரண்டு கருவுக்கும் அவன் மனசுக்குள் வைத்திருந்த பெயர்கள். மில் போனில் கத்த முடியாததையெல்லாம் சுவரில் பேசினாள். சிரிக்கவும் செய்தாள். தட்டோடு வெளியே வந்ததும் அவன் காலை மடக்கி, மரியாதையாக, "வெச்சுட்டுப் போங்க அம்மிணி" என்பான்.

ஒருமுறை துணிந்தாள். எண்பத்தொன்று ஐப்பசி, மழை பெய்து மனசு இளகிய நேரம். உள்ளிருந்து பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், "நாந்தானுங்க அவ, ரெண்டும் நாந்தானுங்க" என்று சொல்லியபடியே கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து அவன் எதிரில் நின்றாள். வள்ளியின் குரல் அந்த வாயிலிருந்து வருவதை அவன் கண்ணால் பார்த்தான். அவன் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "குரலையும் எடுத்துக்கிட்டா, குரலையும் எடுத்துக்கிட்டா" என்று மூலையில் ஒண்டிக்கொண்டான். அதற்குப் பிறகு சமையலறையிலிருந்து என்ன கூப்பிட்டாலும் காதைப் பொத்திக்கொண்டான். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் அவளுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. மார்கழியில் ஒருநாள், "வள்ளி, நீதான?" என்று அவனாகவே சுவரைக் கேட்டான். இனி கதவைத் தாண்டிப் பேசுவதில்லை என்று அன்றைக்கு அவள் முடிவு செய்துகொண்டாள்.

காளியாத்தாள் எண்பத்தாறில் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊறவே இல்லையே கண்ணு" என்றாள். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நிறுத்தவில்லை. அவனுக்கு அந்த ருசி பழகிவிட்டது. அவளுக்கும் அந்த வேலை பழகிவிட்டது.

அடுத்த தையில் ஒரு ஞாயிறு. போசியில் மஞ்சள் தண்ணீர். அவள் ஒரு மூளையை ஏந்திச் சவ்வை உரிக்கத் தொடங்கியிருந்தாள். கூடத்தில் அவன் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கடலைக்காய் விலை பேசினான். மயில்சாமிக்கு மூட்டு வலி என்றான்.

"வள்ளி."

"சொல்லுங்க."

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்புடாது. அம்மா இருந்தப்ப மூணு தட்டு களுவிக் கவுத்து வெப்பீங்க. காத்தால வெளிய போறப்ப பாப்பேன், அப்பக் கணக்குத் தோணலை. இப்ப ரெண்டுதான் கவுந்திருக்குது. ஒண்ணு எனக்கு. ஒண்ணு அந்தம்மிணிக்கு." அவன் குரல் கிணற்று ஆழம் கேட்கிறவன்போல் நிதானமாக இருந்தது. "உன்ற தட்டு எங்க?"

அவள் விரலில் சவ்வின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நானும் ரொம்ப நாளா ரோசனை பண்றேன். எனக்கு நெஞ்சு ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது. தட்டு பொய் சொல்லாதில்ல. உள்ள நீங்க ரெண்டு பேரா, இல்ல ஒருத்தியா? நீ சொன்னா நான் நம்பறேன்."

எட்டு வருசமாக, அவன் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்த கேள்வி அதுதான். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை நாக்கில் எடுத்தாள். கூடவே, மூலையில் ஒண்டி அவன் போட்ட சத்தமும் வந்தது. நம்புகிறேன் என்கிற மனிதன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால் கண் நம்பாது. அப்புறம் இந்தச் சுவர்ப் பக்கத்து வள்ளியும் இருக்கமாட்டாள். இப்போது அவனுக்கு அம்மாவும் இல்லை.

சவ்வு பாதி உரிந்து தொங்கியது. தண்ணீரில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்து கலங்கிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வள்ளி?"

அடுப்பில் விறகு வெடித்தது.

கட்டில் கயிறு முனகியது. அவன் எழுந்து நின்றான் என்று தெரிந்தது. அவள் கதவைப் பார்த்தாள். காலடி கதவுப் பக்கம் ஒரு எட்டு வந்து நின்றது, எட்டிப் பார்க்காமல் திரும்பியது. துண்டை உதறும் சத்தம். பிறகு வாசல் படியில் செருப்புச் சத்தம், தெரு மண்ணில் தேய்ந்து தேய்ந்து போனது.